வாசலில் போய் நில்லுங்கள்

கேள்வி: யூதர்கள் வருடத்தில் ஒருநாள் விரதம் இருந்தால் செய்த பாவமெல்லாம் தீர்ந்துவிடுமாமே, நிஜமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பாதி நிஜம், அம்மா. யோம் கிப்பூர் என்ற அந்த விரத நாளில் சுமார் 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஜெபத்தில் ஒவ்வொரு குற்றத்தையும் சொல்லும்போது கை முஷ்டியால் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள். “நான்” என்றல்ல, “நாங்கள்” பிழை செய்தோம் என்று.

ஆனால் அது கடவுளுக்குச் செய்த பிழைக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரரை நோகடித்திருந்தால் அவர் வாசலுக்கே போய்க் கேட்டாக வேண்டும். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இதில் கறாரானவர். நொந்துபோனவர் இரங்கவில்லையா, மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் மறுத்தால் இன்னொரு முறை, மூன்றாம் முறையும் போ என்கிறார். சரி, அந்த மனிதர் இறந்தே போயிருந்தால்? பத்துப் பேரை அழைத்துப் போய், கல்லறை முன் நின்று, செய்ததைச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசிவரை நான் மன்னிப்புக் கேட்காமலே விட்ட என் பெரியப்பாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.