மீன் நகர்ந்தால் மீனவர் எங்கே போவது? – கேள்வி பதில்

கேள்வி: கடல் சூடாவதால் மீன் குறைகிறதா, இடம் மாறுகிறதா?

இரண்டும்தான். ஆனால் வலை போடுகிறவர் முதலில் உணர்வது இடமாற்றத்தை. புவியில் கூடுதலாகத் தேங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான மீன்களின் உடல், சுற்றியுள்ள நீரின் சூட்டுக்கே மாறும். அதனால் தனக்குத் தோதான நீரைத் தேடித் துருவப் பக்கமோ ஆழத்துக்கோ போய்விடும். மத்தியையே பாருங்கள். இந்தியாவின் தென்மேற்குக் கரை மீன் என்று பேர் வாங்கியது, பின்னாளில் வடக்கேயும் கிழக்குக் கரையிலும் ஏராளமாகப் பட ஆரம்பித்தது.

கேள்வி: அப்படியானால் படகும் பின்னாலேயே போக வேண்டியதுதானே?

போகிறார்கள். அதைத் தகவமைப்பு என்று சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. சின்னப் படகில் தூரம் போனால் எண்ணெய்ச் செலவு ஏறும், காற்றில் மாட்டும் ஆபத்தும் ஏறும். அப்புறம், மீனுக்கு எல்லைக் கோடு கிடையாது, மீனவருக்கு உண்டு. பெரிய அளவில் இதற்கு ஓரளவு விடை கண்டவர்கள், தங்கள் கடலில் சூரை மீன்பிடிப்பைச் சேர்ந்து நிர்வகிக்கும் நவுறு உடன்படிக்கையில் சேர்ந்த பசிபிக் தீவு நாடுகள். பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வரிச்சூரை என்ற சூரை வகை கிழக்கே நகரும். அவர்கள் 2007-இல் கொண்டுவந்த முறையில் சூரைக் கப்பல்களுக்கு 'நாள்' விற்கிறார்கள், அதாவது தங்கள் கடலில் இத்தனை நாள் மீன் பிடிக்கும் உரிமை. கையில் மிஞ்சும் நாட்களை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கைமாற்றலாம். மீன் பக்கத்து நாட்டுக் கடலுக்குப் போய்விட்ட வருடத்திலும் வருமானம் அடியோடு நின்றுவிடாது. மீன்பிடி உரிமையை இப்படி நெகிழ்வாக்குவதுதான், என் கணக்கில், எந்தப் புது எஞ்சினையும்விடப் பெரிய விஷயம்.

கேள்வி: அது நாடுகளுக்குச் சரி. ஒற்றைப் படகுக்காரர் என்ன செய்வது?

ஒரே மீனை நம்பாமல் இருப்பதுதான். இரண்டு மூன்று வகை வலை, பருவத்துக்கு ஒரு தொழில். ஆனால் உரிமம் ஒரு மீனுக்கும் ஒரு வலைக்கும் மட்டும் என்று கட்டிப்போட்டிருக்கும் இடங்களில், புது மீன் கண்ணெதிரே துள்ளினாலும் பிடிக்க முடியாது. இன்னொன்று, மீன் மாறினால் உலர்த்தி விற்கும் பெண்களின் தொழிலும் மாறும். திட்டம் போடுகிறவர்கள் படகை மட்டும் எண்ணிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

கேள்வி: புயல் காப்பீடு உதவுமா?

பணம் சீக்கிரம் வந்தால் உதவும். செயின்ட் லூசியாவும் கிரெனடாவும் 2019-இல் மீன்பிடித் துறைக்கென்றே ஒரு காப்பீடு எடுத்தன. ஒவ்வொரு படகாகச் சேதம் பார்ப்பதில்லை. காற்று, அலை, மழை குறித்த அளவைத் தாண்டினால் பணம் அரசுக்குப் போகும், அங்கிருந்து மீனவருக்கும் மீன் விற்பவருக்கும் போக வேண்டும். பயனாளிப் பட்டியலை முன்பே தயாராக வைத்திருக்காவிட்டால் இந்த வேகம் வீண்.

கேள்வி: கரையைக் காக்க அலையாத்தி மரம் நட்டால் போதுமா?

இடம் பார்த்து நட்டால் பலன் உண்டு. சதா தண்ணீர் நிற்கும் சேற்றில் நட்ட கன்று அழுகிப்போகும். அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டால் பல இடங்களில் அதுவாகவே முளைக்கும்.

கேள்வி: ஊரையே உள்ளே தள்ளிக் கட்டினால்?

பிஜியில் வுனிடோகோலோவா கிராமம் 2014-இல் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, தன் சொந்த நிலத்திலேயே குடியேறியது. செனகலின் செயின்ட் லூயியில் கடலரிப்பால் வீடிழந்த மீனவர்களைக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் குடிவைத்தார்கள். தொழிலுக்கு அவர்கள் திரும்பக் கரைக்கே வர வேண்டியிருக்கிறது. புது ஊரின் வரைபடத்தைக் காட்டினால் முதலில் படகு எங்கே நிற்கும் என்று கேளுங்கள், வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.