சான்றிதழ் இருந்தாலும் ராத்திரி ஜெனரேட்டர் ஓட்டக் கூடாதா?

கேள்வி: மதுரை கே.புதூரில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் கேரவன் நிறுத்தியிருக்கிறேன். ஷூட்டிங், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். டிரைவர் ராத்திரி ஏசி போட்டு வண்டியிலேயே படுப்பார். ஜெனரேட்டர் விடியும்வரை ஓடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டார். "வண்டியைத் தூக்கிடுவோம்" என்கிறார் ஏட்டையா. சத்தம் 75 டெசிபலுக்குள்தான் என்று கம்பெனி சான்றிதழ் இருக்கிறது. என் மேல் என்ன தப்பு?

பதில்: அந்தச் சான்றிதழை நீட்டிப் பிரயோசனம் இல்லை, ஐயா. 2005 ஜனவரி முதல் தயாரான, 1000 கேவிஏ திறன் வரையிலான டீசல் ஜெனரேட்டரின் சத்தம், அதை மூடியிருக்கும் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. அது தயாரிப்பவருக்கு உள்ள விதி. உங்கள் தெருவில் எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்பதை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தனியாகச் சொல்கின்றன: குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், அதன் பிறகு 45.

ஒரு கணக்குப் போடுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 75 என்றால் பத்து மீட்டரில் ஏறக்குறைய 55. பெரியவரின் படுக்கையறை ஜன்னல் அந்தத் தூரத்தில் இருந்தால் பகலில் மயிரிழையில் தப்புவீர்கள். ராத்திரியில் வரம்பை 10 டெசிபல் தாண்டிவிடும். அந்த ஒலி மாசு விதிகளில் 7-வது விதிப்படி புகார் கொடுக்க அந்தப் பத்தே போதும். சுவர்களில் பட்டு எதிரொலித்தால் இன்னும் கூடும்.

ஏட்டையா விஷயம். இந்த விதிகளின் கீழ் தடை உத்தரவு போடுவது கலெக்டர், போலீஸ் கமிஷனர், அல்லது டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாமல் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி. அதுவும் எழுத்தில் வர வேண்டும். அதை மாற்றச் சொல்லி நீங்கள் மனுப் போடலாம், வக்கீல் வைத்தும் பேசலாம். ஆனால் கடிதத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்: வண்டி ஓன் போர்டா (சொந்த உபயோகப் பதிவு), டி போர்டா (வாடகைப் பதிவு)? ஓன் போர்டை வாடகைக்கு விட்டால் பெர்மிட் இல்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் 207-ஆம் பிரிவில் பிடித்து வைக்கலாம். ஜெனரேட்டரைப் பிற்பாடு பட்டறையில் அனுமதியில்லாமல் பொருத்தியிருந்தால் 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பெரியவருடன் மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் சிவில் கோர்ட்டில் இன்ஜங்ஷன், அதாவது ஜெனரேட்டர் ஓட்டத் தடை, கேட்டால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒலி மாசு விதிகளை மீறினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது அபராதமே 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகிறது.

சத்தத்தைக் குறைப்பதே மலிவு. ஜெனரேட்டர் உட்காரும் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள். நசுங்கிப் போயிருந்தால் அதிர்வு நேராகச் சேசிஸில் இறங்கி, வண்டியின் தகரம் முழுவதும் சேர்ந்து கத்தும். நல்ல சைலன்சர் மாட்டி, புகைக்குழாயைப் பெரியவர் வீட்டுப் பக்கம் பார்க்காமல் திருப்புங்கள். சத்தம் தடுக்கிறேன் என்று காற்று வரும் வழியைப் பஞ்சு வைத்து அடைத்தால் என்ஜின் சூடேறி நின்றுவிடும். புகை வண்டிக்குள் கசிந்து டிரைவருக்கு ஏதாவது ஆனால், அப்புறம் உங்கள் மேல் வருவது கவனக்குறைவால் மரணம் என்ற வழக்கு.

இத்தனை செய்தும் ராத்திரி 45-க்குள் கொண்டுவருவது கஷ்டம். சித்திரை வெக்கையில் ஏசி இல்லாமல் படு என்று டிரைவரிடம் சொல்லவும் முடியாது. ஒன்று, அவருக்கு ஓர் அறை கொடுங்கள். இல்லாவிட்டால் மின்வாரியத்தில் வணிக இணைப்பு வாங்கி அதில் ஏசியை ஓட்டுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து வயர் இழுக்க வேண்டாம். வாடகை வண்டிக்கு அதைப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் கேட்பார்கள்.

மனு விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள். "இனி ஜெனரேட்டரே ஓட்டமாட்டேன்" என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்; பகலில் ஒரு தடவை சோதித்துப் பார்க்கக்கூட முடியாமல் போகும். "இரவு 10 முதல் காலை 6 வரை இந்த மனையில் ஓட்டமாட்டேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்து, ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.