வலத்து மாட்டின் கழுத்து வீக்கம் குறித்து

வணக்கம் ஐயா. உசிலம்பட்டிப் பக்கம் பருத்தி வரிசைகளுக்கு நடுவே இடையுழவு செய்கையில் வலத்து மாட்டின் கழுத்து மட்டும் வீங்குவதாகவும், கலப்பை ஒருபுறமாக இழுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் நுகத்தடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எங்கள் மேலூர்த் தோட்டத்தில் இதே தொல்லை வந்தபோது, புளியங்கொட்டை அளவேயான ஒரு கணுதான் தோலை உரசிக்கொண்டிருந்தது. இழைத்துவிட்டதும் சரியாயிற்று.

கணு இல்லையெனில், கலப்பையின் ஏர்க்காலை நுகத்தோடு பிணைக்கும் வடக்கயிறு கட்டியிருக்கும் இடத்தை அளந்து பாருங்கள். அது நுகத்தின் நடுவிலிருந்து எந்த மாட்டின் பக்கம் நெருங்குகிறதோ, அந்த மாடே கூடுதல் சுமையை இழுக்கும். ஆகவே இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்திக் கட்டினால் வலத்து மாட்டின் பாரம் குறையும். அடுத்து, நுகத்துக்கும் கலப்பைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சற்றுக் குறையுங்கள். கலப்பையின் இரும்பு முனையான கொழு மண்ணில் இறங்கும் ஆழம் குறைந்து இழுவையும் இலகுவாகும். இடையுழவுக்கு ஆழம் தேவையில்லை.

கழுத்து உரசாமலிருக்க நுகத்தில் துணி சுற்றுவதை நான் விரும்புவதில்லை; நழுவிச் சுருண்டால் அதுவே புண்ணாக்கும். வீக்கம் வடியும்வரை மாட்டைப் பூட்ட வேண்டாம். சீழ் தெரிந்தாலோ சூடாக இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.