இன்டரப்ட் ஒரு தடவை வந்து நின்றுவிட்டால்: கெர்னல் எழுதுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கெர்னலை (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அடியிலிருந்து எழுதிப் பார்ப்பவர்கள், லினக்ஸ் டிரைவர் எழுதுபவர்கள் என இரு தரப்பினரும் இன்டரப்ட் பற்றிக் கேட்டவை இவை. இன்டரப்ட் என்பது ஓடும் கோடை நிறுத்தி சிபியுவைத் தன் பக்கம் திருப்பும் சைகை; அப்போது ஓடும் கோட்தான் ஹேண்ட்லர். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) பற்றியவைதான் அதிகம். பதினாறடிமான எண்களுக்கு முன்னால் ‘ஹெக்ஸ்’ என்று போட்டிருக்கிறேன்.

கேள்வி: சார், 32 பிட் ப்ரொடெக்டட் மோட். ஐடிடி (ஹேண்ட்லர்களின் அட்டவணை) போட்டு, எஸ்டிஐ (இன்டரப்ட்டை அனுமதிக்கும் கட்டளை) கொடுத்த உடனே டபுள் ஃபால்ட் வருது. கோட்ல தப்பு எதுவும் தெரியல.

உங்களுக்கு வந்தது டபுள் ஃபால்ட்டே அல்ல, டைமர். 8259 பிக் கன்ட்ரோலரை (டிவைஸ்களின் இன்டரப்ட்டை வாங்கி சிபியுவுக்கு அனுப்பும் சிப்) பயாஸ் அமைத்துவிட்டுப் போன நிலையில், முதல் எட்டு ஐஆர்க்யூக்களும் (டிவைஸ்களின் இன்டரப்ட் லைன்கள்) 8 முதல் 15 வரையிலான வெக்டர்களில் (ஐடிடியின் வரிசை எண்கள்) வந்து இறங்கும். ப்ரொடெக்டட் மோடிலோ 0 முதல் 31 வரை சிபியுவின் எக்ஸெப்ஷன்களுக்கு (சிபியு தானே எழுப்பும் பிழைகள்) ஒதுக்கப்பட்டவை. அதில் 8 டபுள் ஃபால்ட், அதாவது ஒரு எக்ஸெப்ஷனைக் கையாளப் போகும்போதே இன்னொன்று வருவது. டைமர் அடித்ததும் அந்த ஹேண்ட்லர் ஓடுகிறது. உறுதி செய்ய ஸ்டாக்கைப் பாருங்கள். உண்மையான டபுள் ஃபால்ட் என்றால் எர்ரர் கோடாக 0 இருக்கும். டைமர் எர்ரர் கோட் எதையும் தள்ளாது. அதனால் எர்ரர் கோட் என்று நீங்கள் அச்சிடும் இடத்தில் உங்கள் கெர்னல் கோடின் முகவரி ஒன்று தெரியும்.

தீர்வு, பிக்கை இடம் மாற்றுவது. போர்ட் ஹெக்ஸ் 20, ஹெக்ஸ் ஏ0 இரண்டிலும் ஹெக்ஸ் 11 எழுதுங்கள். பிறகு டேட்டா போர்ட்களில்: ஹெக்ஸ் 21-ல் ஹெக்ஸ் 20, ஹெக்ஸ் ஏ1-ல் ஹெக்ஸ் 28. அடுத்து ஹெக்ஸ் 21-ல் 4, ஹெக்ஸ் ஏ1-ல் 2. கடைசியாக இரண்டிலும் 1. இந்த வரிசை மாறக் கூடாது. முடிந்ததும் இரண்டு டேட்டா போர்ட்களிலும் ஹெக்ஸ் எஃப்எஃப் எழுதி எல்லாவற்றையும் மாஸ்க் செய்துவிட்டு (தடுத்துவிட்டு), ஹேண்ட்லர் தயாரான லைனை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து விடுங்கள். ஸ்லேவ் (ஹெக்ஸ் ஏ0-ல் உள்ள இரண்டாவது பிக்) பக்கத்து லைன் எதைத் திறந்தாலும் மாஸ்டரில் (முதல் பிக்) ஐஆர்க்யூ 2-ஐயும் திறக்க வேண்டும். பலர் மறப்பது இது.

கேள்வி: எனக்கு எஸ்டிஐ வரைக்கும்கூட போகலைங்க. மெஷின் ரீபூட் ஆகிக்கிட்டே இருக்கு.

ட்ரிபிள் ஃபால்ட்: டபுள் ஃபால்ட்டையும் கையாள முடியாமல் சிபியு ரீசெட் ஆகிறது. க்யூஎமு எமுலேட்டரில் ‘-நோ-ரீபூட்’ ஆப்ஷனையும் இன்டரப்ட் லாகைத் தரும் ‘-டி இன்ட்’ ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டுங்கள். லாகில் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. அந்தச் சங்கிலியில் முதலில் வந்த எக்ஸெப்ஷன்தான் உண்மையான காரணம். அதன் பின்னால் வருபவை, அதைக் கையாள முடியாமல் போனதன் விளைவு.

அது வெக்டர் 13 (ஜெனரல் ப்ரொடெக்ஷன் ஃபால்ட்) ஆக இருந்தால் எர்ரர் கோடைப் பிரித்துப் படியுங்கள். பிட் 1 நிமிர்ந்திருந்தால் பிரச்சினை ஐடிடியில். அப்போது கோடை மூன்று பிட் வலப்பக்கம் நகர்த்தினால் வெக்டர் எண் கிடைக்கும். உதாரணமாக ஹெக்ஸ் 10ஏ அல்லது ஹெக்ஸ் 10பி வந்தால் வெக்டர் 33. கீபோர்டுக்கான பதிவு காலியாக இருக்கிறது. பிட் 1 இல்லாமல் ஒரு செலக்டர் எண் (செக்மென்ட்டைக் குறிக்கும் எண்) தெரிந்தால், ஐடிடி பதிவில் நீங்கள் போட்ட கோட் செக்மென்ட் உங்கள் ஜிடிடியில் (செக்மென்ட்களின் அட்டவணை) இல்லை. பூட்லோடர் விட்டுச் சென்ற ஜிடிடியில் கோட் செக்மென்ட் ஹெக்ஸ் 8-ல்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. சொந்த ஜிடிடி போட்டுக்கொள்ளுங்கள். எல்ஐடிடிக்கு (ஐடிடியை ஏற்றும் கட்டளை) கொடுக்கும் லிமிட், அளவில் ஒன்று குறைவு: 64 பிட்டில் 256 பதிவு, பதிவுக்கு 16 பைட், ஆக 4095.

கேள்வி: கீபோர்ட்ல ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யுது, அப்புறம் செத்துப் போகுது. டைமர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கிறது: கீபோர்டின் டேட்டா இருக்கும் போர்ட் ஹெக்ஸ் 60-ஐப் படிப்பது, அல்லது பிக்குக்கு இஓஐ (‘இன்டரப்ட் முடிந்தது’ என்ற அறிவிப்பு) அனுப்புவது. டைமர் ஓடுவதை வைத்து இஓஐ சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பிக்கில் ஐஆர்க்யூ 0-க்குத்தான் முன்னுரிமை அதிகம். ஐஆர்க்யூ 1 முடியாமல் தொங்கினாலும் டைமர் உள்ளே வரும். கீழே இருப்பவைதான் நின்றுபோகும். ஆகவே ஐஆர்க்யூ 4-ல் உள்ள சீரியல் போர்ட்டைச் சோதியுங்கள். அதுவும் நின்றிருந்தால் இஓஐ விடுபட்டிருக்கிறது. கீபோர்ட் மட்டும் நின்றிருந்தால் ஹெக்ஸ் 60-ஐப் படிக்கவில்லை. அந்தக் கீ தேவையில்லை என்று பாதியில் திரும்பும் பாதையிலும் படிக்க வேண்டும்.

கேள்வி: இஓஐ-ஐ ஹேண்ட்லர் ஆரம்பத்துல அனுப்பணுமா, முடிவுலயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

முதலில் டிவைஸ், பிறகு கன்ட்ரோலர். ஏன் என்பது லைன் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

பழைய பிசிஐ லைன்கள் லெவல் வகை. டிவைஸ் தன் கோரிக்கையை விலக்கும்வரை லைன் தாழ்ந்தே இருக்கும். அதற்குள் இஓஐ போனால், லைன் இன்னும் பிடித்திருப்பதைப் பார்த்து கன்ட்ரோலர் அதே இன்டரப்ட்டை மறுபடி அனுப்பும். ஹேண்ட்லர் முடிந்து ஐரெட் (இன்டரப்ட்டிலிருந்து திரும்பும் கட்டளை) ஆனதும் மீண்டும் உள்ளே. சிபியு முழுக்க இதிலேயே போய்விடும்.

வரிசையைச் சரியாக வைத்தும் இது நடக்கலாம், அங்கேதான் ஆட்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பிசிஐ பஸ்ஸில் மெமரி ரைட் என்பது ‘போஸ்டட்’. சிபியு எழுதிவிட்டு நகர்ந்துவிடும், டிவைஸுக்கு அது சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். அந்த இடைவெளியில் இஓஐ முந்திக்கொண்டால் ஒரு வெற்று இன்டரப்ட் கூடுதலாக வரும். அறிகுறி: ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஹேண்ட்லர் இரண்டு முறை ஓடும், இரண்டாவது முறை ஸ்டேட்டஸ் 0. தீர்வு, எழுதிய பிறகு அதே டிவைஸின் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படிப்பது. படிப்பு திரும்பி வர வேண்டுமானால் முன்னால் போன ரைட் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

எட்ஜ் வகையில் (லைன் மாறும் கணம்தான் இன்டரப்ட்) ஆபத்து நேர் எதிரானது: இன்டரப்ட் கூடுதலாக வராது, தொலைந்து போகும். ஸ்டேட்டஸைப் படித்து, வேலையை முடித்து, கடைசியில் ‘எல்லாப் பிட்டையும் அழி’ என்று எழுதினால், நடுவில் வந்த புது நிகழ்வும் சேர்ந்து அழிந்துவிடும். படித்த மதிப்பு எதுவோ அதை மட்டும் திருப்பி எழுதி அழியுங்கள்; அழித்த பிறகு வேலையைச் செய்யுங்கள்; ஸ்டேட்டஸ் 0 ஆகும்வரை சுற்றுங்கள்.

டைமர் ஹேண்ட்லருக்குள் டாஸ்க் மாற்றுகிறீர்கள் என்றால், மாற்றும் முன்பே இஓஐ அனுப்பிவிடுங்கள். புதிதாகத் தொடங்கும் டாஸ்க் உங்கள் ஹேண்ட்லரின் கடைசி வரிக்குத் திரும்பி வராது.

கேள்வி: ஐஆர்க்யூ 7-ல எந்த டிவைஸும் இல்லை, ஆனா அப்பப்ப வருது.

ஸ்பூரியஸ், அதாவது போலி இன்டரப்ட். கோரிக்கை வந்து, சிபியு ஒப்புக்கொள்வதற்குள் லைன் இறங்கிவிட்டால் பிக் ஐஆர்க்யூ 7-ஐத் தரும்; ஸ்லேவ் என்றால் 15. கமாண்ட் போர்ட்டில் ஹெக்ஸ் 0பி எழுதி, அதே போர்ட்டைப் படித்து, பிட் 7-ஐப் பாருங்கள். அது 0 என்றால் இஓஐ அனுப்பாமல் திரும்புங்கள். 15-ல் வந்த ஸ்பூரியஸுக்கு மட்டும், மாஸ்டருக்கு இஓஐ உண்டு, ஸ்லேவுக்குக் கிடையாது.

கேள்வி: 64 பிட்டுக்கு மாறினதும் லோக்கல் வேரியபிள் மதிப்பு தானா மாறுது. இன்டரப்ட்டை அணைச்சா சரியாகுது.

ரெட் ஸோன். 64 பிட் சிஸ்டம் வி ஏபிஐப்படி (கம்பைலர் பின்பற்றும் ஃபங்க்ஷன் அழைப்பு விதிகள்), வேறு எதையும் அழைக்காத ஃபங்க்ஷன் ஸ்டாக் பாயின்டரை நகர்த்தாமலே அதற்குக் கீழே 128 பைட்டைப் பயன்படுத்தலாம். கெர்னல் கோட் ஓடும்போது இன்டரப்ட் வந்தால், சிபியு எஸ்எஸ், ஆர்எஸ்பி, ஆர்ஃப்ளாக்ஸ், சிஎஸ், ஆர்ஐபி ஐந்தையும் நேராக அதன் மேலேயே தள்ளும். ‘-எம்நோ-ரெட்-ஸோன்’ கொடுத்து முழுக் கெர்னலையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஹேண்ட்லர் இருக்கும் கோப்பை மட்டும் அல்ல, ஏனென்றால் அடிபடுவது ஹேண்ட்லர் அல்ல, இடைமறிக்கப்பட்ட ஃபங்க்ஷன். இணைத்துள்ள லைப்ரரிகளுக்கும் இதே விதி.

கூடவே, நுழைவு அசெம்பிளியில் சிஎல்டி (டைரக்ஷன் ஃப்ளாகை 0 ஆக்கும் கட்டளை) இருக்கிறதா பாருங்கள். எஸ்எஸ்இ ரெஜிஸ்டர்களை (மிதப்புப் புள்ளிக் கணக்குக்கானவை) நீங்கள் சேமிப்பதில்லை என்றால், ஹேண்ட்லர் கோடை கம்பைலர் எஸ்எஸ்இ பயன்படுத்தாதபடி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் மிதப்புப் புள்ளிக் கணக்குகள் தப்பாக வரும்.

கேள்வி: பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லர் சரியா ஓடுது, திரும்பும்போது ஜெனரல் ப்ரொடெக்ஷன் ஃபால்ட்.

வெக்டர் 14 எர்ரர் கோட் தள்ளுகிறது. ஐரெட்-க்கு முன் அதை ஸ்டாக்கிலிருந்து எடுக்கவில்லை. 8, 10 முதல் 14 வரை, 17, 21 ஆகியவை தள்ளும். மற்றவற்றுக்கு நுழைவிலேயே ஒரு பொய் 0 தள்ளிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் கிடைக்கும். வெளியேறும்போது வெக்டர் எண், எர்ரர் கோட் இரண்டுக்குமாக 64 பிட்டில் 16 பைட்டைக் கூட்டுங்கள்.

கேள்வி: பிக்கை விட்டு ஏபிஐசி-க்கு (பிக்குக்கு அடுத்து வந்த இன்டரப்ட் கன்ட்ரோலர்) மாறினேன். கீபோர்ட் வருது, பிஐடி டைமர் (ஐஆர்க்யூ 0) வரவே இல்லை.

ஐஓ ஏபிஐசியின் (டிவைஸ் லைன்கள் வந்து சேரும் பகுதி) பின் 0-ஐ அமைத்திருப்பீர்கள். ஏசிபிஐயின் (ஃபர்ம்வேர் தரும் வன்பொருள் விவரம்) எம்ஏடிடி அட்டவணையில் ‘இன்டரப்ட் சோர்ஸ் ஓவர்ரைட்’ பதிவுகளைப் படியுங்கள். பெரும்பாலான பிசிக்களில் ஐஆர்க்யூ 0 ஜிஎஸ்ஐ 2-க்கு (ஐஓ ஏபிஐசியின் உள்ளீட்டு எண்) போகும். கீபோர்டுக்கு அப்படி மாற்றம் பொதுவாக இருக்காது, அதனால்தான் அது தப்பித்தது.

பிக்கை மாஸ்க் செய்வதற்கு முன் அதையும் 32-க்கு மேல் நகர்த்தி வையுங்கள். மாஸ்க் செய்த பிக்கும் ஸ்பூரியஸ் அனுப்பக்கூடும். லோக்கல் ஏபிஐசியில் (ஒவ்வொரு சிபியுவிலும் இருக்கும் பகுதி) ஆஃப்செட் ஹெக்ஸ் எஃப்0-ல் பிட் 8-ஐ நிமிர்த்தினால்தான் அது உயிர் பெறும். இஓஐ என்பது ஆஃப்செட் ஹெக்ஸ் பி0-ல் 0 எழுதுவது. அந்தப் பக்கத்தை கேஷ் இல்லாமல் மேப் செய்யுங்கள். ஏபிஐசியின் ஸ்பூரியஸ் வெக்டருக்கு இஓஐ கிடையாது.

கேள்வி: லினக்ஸ் டிரைவர். ஐ2சி (மெதுவான சீரியல் பஸ்) சென்சாரை ஹேண்ட்லர்ல படிச்சா ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’னு கத்துது.

ஐ2சி படிப்பு தூங்கும், அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும். ஹார்ட் இன்டரப்ட் சூழலில் தூங்க முடியாது. ‘ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ’வுக்கு மாறி, முதல் ஹேண்ட்லரை ‘நல்’ (வெற்று பாயின்டர்) என்று விட்டு, த்ரெட் ஃபங்க்ஷனில் சென்சாரைப் படியுங்கள். ‘ஒன்ஷாட்’ ஃப்ளாக் (த்ரெட் முடியும்வரை லைனை மாஸ்க் செய்து வைப்பது) கட்டாயம். அது இல்லாமல் நல் கொடுத்தால் கெர்னல் பொதுவாக -22 (தவறான ஆர்க்யுமென்ட்) என்று மறுத்துவிடும். காரணம் நியாயமானது: லெவல் லைன் என்றால், த்ரெட் ஓடி சென்சாரை அமைதிப்படுத்தும்வரை லைன் பிடித்தபடியே இருக்கும். அதுவரை மாஸ்க் செய்து வைக்காவிட்டால் த்ரெட்டுக்கு ஓட வாய்ப்பே கிடைக்காது.

லைனைப் பகிர்கிறீர்கள் என்றால், உங்கள் டிவைஸ் எழுப்பாதபோது ‘ஐஆர்க்யூ_நன்’ என்று உண்மையாகத் திருப்புங்கள். எல்லாவற்றுக்கும் ‘ஹேண்டில்ட்’ என்று சொல்லும் டிரைவர், கெர்னலின் காவலை ஏமாற்றுகிறது. 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால் கெர்னல் ‘நோபடி கேர்ட்’ என்று அறிவித்து லைனை மூடும். அந்தச் செய்தி தொல்லை அல்ல, உதவி.

கேள்வி: ப்ராசஸ் பக்கத்துல ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுத்திக்கிட்டே காத்திருக்கும் லாக்) போட்டிருக்கேன், ஹேண்ட்லர்லயும் அதே லாக். சில நேரம் சிபியு உறையுது.

லாக்கைப் பிடித்திருக்கும் அதே சிபியுவில் இன்டரப்ட் வந்துவிட்டது. ஹேண்ட்லர் லாக்குக்காகச் சுற்றும். லாக்கை விட வேண்டிய கோட் ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கும். ப்ராசஸ் பக்கத்தில் ‘ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ்’ போடுங்கள்; லாக் பிடித்திருக்கும்வரை அந்த சிபியுவில் இன்டரப்ட் வராது. லாக்டெப் (லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி) இயக்கிய கெர்னலில் ஓட்டினால் உறையும் முன்பே இதைச் சொல்லிவிடும்.

கேள்வி: ஏஆர்எம் போர்டு. சிப் மேனுவல்ல இன்டரப்ட் எண் 77. டிவைஸ் ட்ரீல (கெர்னலுக்கு வன்பொருளை விவரிக்கும் கோப்பு) 77 போட்டேன், வரவே மாட்டேங்குது.

ஜிக்கில் (ஏஆர்எம்மின் இன்டரப்ட் கன்ட்ரோலர்) 0–15 எஸ்ஜிஐ (மென்பொருள் எழுப்புபவை), 16–31 பிபிஐ (ஒரு சிபியுவுக்கே உரியவை), எஸ்பிஐ (எல்லா சிபியுவுக்கும் பொதுவான டிவைஸ்கள்) 32-ல் தொடங்குகிறது. டிவைஸ் ட்ரீயில் எஸ்பிஐ எண் அந்த 32-ஐக் கழித்தது. எனவே மூன்று செல்கள்: 0, 45, 4. முதல் 0 எஸ்பிஐ என்பதற்கு, 4 ஹை லெவல் என்பதற்கு. ஏற்கெனவே 32-ஐக் கழித்த எண்ணைத் தரும் மேனுவல்களும் உண்டு. அட்டவணையின் முதல் வரி 0-வா 32-வா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்பிஐக்கு லோ லெவல், ஃபாலிங் எட்ஜ் இரண்டையும் ஜிக் ஏற்காது. 8 அல்லது 2 போட்டால் பிழைதான்.

கேள்வி: நெட்வொர்க் கார்டோட இன்டரப்ட் எல்லாம் ஒரே சிபியுல விழுது. ஸ்ம்ப்_அஃபினிட்டில (எந்த சிபியுக்குப் போகணும்னு சொல்ற கோப்பு) எழுதினாலும் கொஞ்ச நேரத்துல பழையபடி ஆகுது.

ஐஆர்க்யூபேலன்ஸ் சேவை திருப்பி எழுதுகிறது. அதை நிறுத்துங்கள், அல்லது அந்த ஐஆர்க்யூவை விலக்கி வைக்கச் சொல்லுங்கள். மதிப்பு ஒரு பிட் மாஸ்க்: சிபியு 2-க்கு 4. ஆனால் முதலில் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்தக் கார்டுக்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே வரி என்றால் பரப்ப ஒன்றுமில்லை; எம்எஸ்ஐ-எக்ஸ் (ஒரே கார்டுக்குப் பல இன்டரப்ட் தரும் வசதி) இயங்காமல் போனதற்கான காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: ஐடில் லூப்ல வேலை இருக்கான்னு பார்த்துட்டு ஹெச்எல்டி (இன்டரப்ட் வரும்வரை சிபியுவை நிறுத்தும் கட்டளை) போடுறேன். சில நேரம் வேலை வந்தும் எழும்ப மாட்டேங்குது.

பார்த்ததற்கும் ஹெச்எல்டிக்கும் நடுவில் இன்டரப்ட் வந்து போய்விட்டது. சிஎல்ஐ (இன்டரப்ட்டைத் தடுக்கும் கட்டளை) போட்டுவிட்டுப் பாருங்கள். வேலை இல்லையென்றால் எஸ்டிஐ, உடனே அடுத்த கட்டளையாக ஹெச்எல்டி. எஸ்டிஐ-க்குப் பின்வரும் ஒரு கட்டளை முடியும்வரை சிபியு இன்டரப்ட்டை ஏற்காது. அதனால் காத்திருந்த இன்டரப்ட் ஹெச்எல்டியை எழுப்பியே தீரும். இரண்டையும் ஒரே இன்லைன் அசெம்பிளி வரியில் எழுதுங்கள். தனித்தனி ஃபங்க்ஷனாக வைத்தால் நடுவே கம்பைலர் ஒரு கட்டளையைச் சொருகிவிடும், பழைய ஓட்டை மறுபடி திறந்துவிடும்.