நிலக்கரியை விரட்டிய 18 பவுண்டு

கேள்வி: பிரிட்டன் நிலக்கரி மின்சாரத்தை அடியோடு நிறுத்தியது கார்பன் வரியால்தானா? மற்ற நாடுகளும் அதையே செய்தால் போதுமா?

பதில்: பெரும்பங்கு அந்த வரிக்குத்தான். 2012-ல் அங்கே மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. ஐரோப்பியச் சந்தையில் கார்பன் வெளியேற்றும் உரிமம் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2013-ல் மின்நிலைய எரிபொருளுக்குத் தனி வரி போட்டார்கள். 2015-ல் அது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 18 பவுண்டு. கணக்கைப் பாருங்கள்: 1,000 யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி ஏறத்தாழ 0.9 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும், எரிவாயு 0.4 டன். ஆக, நிலக்கரிக்கு 16 பவுண்டு சுமை, எரிவாயுவுக்கு 7. எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்ற வரிசையையே இந்த 9 பவுண்டு வித்தியாசம் புரட்டிப் போட்டது. கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது.

ஆனால் வரி மட்டும் போதாது. அங்கே எரிவாயு நிலையங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. காற்று மாசு விதிகளும் பழைய நிலையங்களை நெருக்கின. கடல் காற்றாலைகளுக்கு நீண்டகால விலை உத்தரவாதம் கிடைத்தது. மாற்று இல்லாத இடத்தில் இதே வரி போட்டால் கட்டணம்தான் ஏறும், புகை குறையாது.

கார், வீடு என்று வரும்போது வரியைவிட வாகன உமிழ்வு வரம்பும் கட்டட விதிகளும் முதலில் வர வேண்டும் என்பேன். கனடாவில் மக்கள் வாங்கும் எரிபொருளுக்குப் போட்ட கார்பன் வரி வசூலில் பெரும்பகுதியை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தும், பெட்ரோல் பங்கில் கண்ணில் பட்ட விலைதான் மனதில் நின்றது. 2025 ஏப்ரலில் அந்த வரியை நீக்கிவிட்டார்கள்.