ஒட்டும் உறவும்

சார், வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை. பெயர் போட வேண்டாம். போன மாதம் ஆபீஸ் தோழி கூப்பிட்டாள் என்று ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். எல்லாமே மிக்ஸட் மீடியா என்றார்கள். துணி, தாள், நூல், துருப்பிடித்த தகரம் என்று எதையெதையோ ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்த படங்கள். அதில் ஒன்று முழுக்கக் கோணி. பிரித்து ஒட்டிய சணல் கோணியின் மேல் கரியால் வரைந்த ஒரு முகம். கண் இல்லை. கோணியில் அங்கங்கே, மூட்டையைக் குத்தித் தூக்குகிற கொக்கி போட்ட ஓட்டைகள். எங்கள் அப்பா கொத்தவால்சாவடிச் சந்தையில் மூட்டை தூக்கினவர். அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அட்டையைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. ‘அடையாளம், உணர்வு, மனித உறவு ஆகியவற்றின் தேடல்’ என்று போட்டு, கீழே விலை. அப்பா ஒரு வருஷம் தூக்கியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்காது.

மூன்று கேள்வி சார். ஒட்டினால் அது ஓவியமா? நான் அழுதது படத்துக்கா, அப்பாவுக்கா? எங்கள் கோணியை எடுத்து மாட்டி விற்க இவர்கள் யார்? அப்புறம், அப்பாவின் கொக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதை வைத்து நானே ஏதாவது செய்யலாமா?

தண்டையார்பேட்டை வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே போய்ப் பார்த்துவிட்டேன். கண்காட்சி முடிய இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. பார்த்ததைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் சுலபமான கேள்வி.

ஒட்டுவது நமக்குப் புதிதே இல்லை. தஞ்சாவூர்ப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலா மரப் பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, துணி மேல் சுண்ணாம்புக் கலவை, அதில் பதித்த கண்ணாடிக் கல், மேலே தங்க ரேக்கு, மீதி இடத்தில்தான் வண்ணம். கலப்பு ஊடகம் என்று இப்போது சொல்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? வெண்ணெய்க் கிருஷ்ணனைப் பார்த்து யாரும் ‘கல் ஒட்டினால் ஓவியமா’ என்று கேட்டதில்லை. தங்கத்தை ஒட்டினால் கேட்கமாட்டோம், கோணியை ஒட்டினால் கேட்போம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் பிக்காஸோ 1912இல் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த் துணியை ஒரு படத்தில் ஒட்டி, சுற்றிலும் சட்டத்துக்குப் பதில் கயிற்றைக் கட்டினார். அதிலிருந்துதான் அங்கே இந்தப் பேச்சு தொடங்குகிறது.

கோணி என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் இத்தாலிக்காரர் அல்பெர்ட்டோ புர்ரி. படித்தது மருத்துவம். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்து, 1943இல் துனிசியாவில் பிடிபட்டு, அமெரிக்காவில் டெக்ஸாஸ் கைதி முகாமுக்குப் போனார். அங்கேதான் வரையத் தொடங்கினார், கிடைத்த கோணித் துணியின் மேல். ஊர் திரும்பிய பிறகு டாக்டர் தொழிலை விட்டுவிட்டார், கோணியை விடவில்லை. கிழிந்த கோணி, ஒட்டுப்போட்ட கோணி, கிழிசலுக்குள் தெரியும் சிவப்பு. பார்த்தவர்கள் காயம் என்றார்கள், கட்டு என்றார்கள், டாக்டர் அல்லவா என்றார்கள். அந்த விளக்கத்தை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. ‘இது போரின் காயம்’ என்று ஓர் அட்டை எழுதி மாட்டியிருந்தால் எவ்வளவு சுலபமாக விற்றிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அட்டை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ‘அடையாளம், உணர்வு, மனித உறவு’ என்பதெல்லாம் விண்ணப்பத்தில் நிரப்புகிற சொற்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாலும் பொருந்தும், பல்பொடி விளம்பரத்துக்குக்கூட. நம் பெரியமேட்டில், 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசை வரைந்தார். படம் முழுக்க எழுத்தும் ஜாதகக் கட்டமும் கணக்கும். பார்த்தால் மலையாளம் மாதிரி இருக்கும், படிக்கப் போனால் படிக்க முடியாது. எழுத்தைப் பயன்படுத்தவேண்டும் என்றால் அப்படிப் பயன்படுத்தலாம்.

சரி, இரண்டாவது கேள்வி. அழுதது யாருக்கு?

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஓர் ஓவிய நண்பர் இருக்கிறார். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதுதான் பட்டறை. ஒரு மதியம் முழுக்க அவர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்ததும் சுவர்களிலிருந்து போஸ்டர்களைப் பாளமாக உரித்துக்கொண்டு வந்துவிடுவார். அட்டை கனத்துக்கு இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைத்து ஒவ்வொரு தாளாகப் பிரிப்பார். மேலே கண்ணீர் அஞ்சலி. அதன் கீழே மஞ்சள் நீராட்டு விழா. அதன் கீழே தேர்தல். அதற்கும் கீழே சினிமா, கதாநாயகியின் ஒரு காது மட்டும். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை, பைண்டிங் கடைகளில் காய்ச்சுவதுதான், பூச்சி வராது. அன்றைக்கு அவர் ஒட்டினது அவருடைய ஆயாவின் புடவை முந்தானை. மேல் ஓரத்தில் மட்டும் பசை வைத்தார். கீழே விட்டுவிட்டார். ஃபேன் ஓடினால் அது லேசாக ஆடும். படத்தை வாங்க வந்தவர் ‘கீழேயும் ஒட்டித் தந்துவிடுங்கள், தூசு சேரும்’ என்றாராம். இவர் மாட்டேன் என்றுவிட்டார். படம் இன்னும் மாடியில்தான் இருக்கிறது, தூசும் சேர்ந்திருக்கிறது.

சண்டை போட்டுப் பிரிந்தவர்களை ‘ஒட்டும் இல்லை உறவும் இல்லை’ என்று சொல்வோம் இல்லையா, அன்றைக்கு அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது. இந்த வகைப் படத்தில் உறவு என்று ஏதாவது இருந்தால் அது ஒட்டில்தான் இருக்கிறது. என்ன பொருள் என்பதைவிட, எங்கே ஒட்டினார், எங்கே விட்டார், எதைத் தைத்தார். முகத்தில் சோகம் வரைவது பெரிய வித்தை இல்லை.

உங்கள் அப்பா உங்கள் அப்பாதான். அவரை அந்த ஓவியருக்குத் தெரியாது, அழுகையில் பாதி உங்கள் கணக்கு. ஆனால் உருளைக்கிழங்குக் கோணியை மளிகைக் கடையில் வாராவாரம் பார்க்கிறீர்கள், அங்கே அழுததில்லையே. கோணி எப்போதும் தரையில் கிடக்கும், இல்லாவிட்டால் ஒருவர் முதுகில் இருக்கும். அங்கே அதை நிமிர்த்தி, உங்கள் முகத்துக்கு நேராக மாட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதி அதனால் வந்தது.

இனி நான் பார்த்தது.

கண் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்றபோது, அது குனிந்த தலை என்று தோன்றியது. நெற்றியும் மூக்கின் நுனியும்தான் நமக்குத் தெரிகின்றன. மூட்டை சுமக்கிறவர் வேறு எங்கே பார்ப்பார், தரையைத்தானே. என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம்.

ஓட்டைகள் விஷயத்தில் ஊகம் இல்லை. உங்கள் கடிதம் கையில் இல்லாவிட்டால் நான் அதைக் கவனித்தே இருக்கமாட்டேன். ‘கொக்கி போட்ட ஓட்டை’ என்று எழுதியிருந்தீர்களே, அதனால் மூக்கு படுகிற அளவுக்குப் பக்கத்தில் போனேன். காவலாளி இரண்டு தடவை இருமினார். மொத்தம் ஒன்பது ஓட்டை. ஏழில் சணல் இழை அறுபடாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்கிறது, கூர்மையான ஒன்று உள்ளே போய் வந்த தடம். மற்ற இரண்டும் ஓரம் பிசிறிப்பிசிறி இருக்கின்றன, எலி கடித்தவை. அந்த ஏழைச் சுற்றி மட்டும் சிவப்பு நூலால் காஜா போட்டிருக்கிறது. சட்டைப் பொத்தான் ஓட்டைக்குப் போடுவது மாதிரி, இழை இழையாக, நெருக்கமாக, கையால். எலி ஓட்டை இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். காஜா இருக்கிறது, பொத்தான் எங்கேயும் இல்லை.

நீங்கள் அழுதுகொண்டிருந்ததால் இதைப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

வட சென்னையை வைத்து வரைகிறேன் என்று வருகிற படங்களைப் பார்த்து நானும் அலுத்திருக்கிறேன். கறுப்பு உடம்பு, படகு, வலை, குத்துச்சண்டைக் கையுறை. அந்த வலையை உருவிவிட்டு அங்கே ஒரு சைக்கிள் செயினை வைத்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. அதெல்லாம் பெயர்ப் பலகை. ‘இவர்கள் யார்’ என்று நீங்கள் அவர்களைக் கேட்டால் நானும் கூட நின்று கேட்பேன். இந்தக் கோணியைச் செய்தவருக்கு எது கொக்கி ஓட்டை, எது எலி ஓட்டை என்று தெரிந்திருக்கிறது. அப்பா மூட்டைக்குப் போக, அம்மா திண்ணையில் உட்கார்ந்து உருப்படிக்கு இவ்வளவு என்று காஜா போடுகிற வீடுகள் நம் பக்கம் எத்தனை. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவரா, அப்படி ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவரா என்று விசாரிக்க நினைத்தேன். விசாரிக்கவில்லை. நம்ம ஏரியா என்றால் விட்டுவிடுவது, வேறு ஊர் என்றால் சண்டைக்குப் போவது என்று ஆகிவிடும்.

விலையைப் பற்றிய உங்கள் கோபத்தில் எனக்கு மறுப்பு இல்லை. 1996இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது முதுகு ஒன்றே முதலாக இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பது உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். அந்தக் கோபத்துக்கு ஒரு படம் பதில் சொல்ல முடியாது.

கடைசியாக, கொக்கி. செய்யுங்கள். சில விஷயம் மட்டும், பட்டுத் தெரிந்துகொண்டவை.

எங்கள் ஆயாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதை வைத்துப் பெரிய கலைஞன் மாதிரி ஏதோ செய்யப் போய், ஒரிஜினலையே வெள்ளைப் பசையில் ஒட்டினேன். கார்த்திகை மழையில் கொப்புளம் கிளம்பியது. தை பிறப்பதற்குள் பூஞ்சை முகத்தைத் தின்றுவிட்டது. அதனால் அப்பாவின் போட்டோ, ரேஷன் கார்டு எது வைத்தாலும் ஜெராக்ஸ். செய்தித்தாள் ஒட்டினால் சில மாதத்தில் பழுத்துவிடும், அது மரக்கூழின் குணம், அந்த நிறம் வேண்டும் என்றால் மட்டும் ஒட்டுங்கள். அக்ரிலிக் மேல் ஆயில் பெயிண்ட் நிற்கும், ஆயில் மேல் அக்ரிலிக் நாளடைவில் உரியும். கடல் காற்று அடிக்கிற சுவரில் மாட்டாதீர்கள்.

கொக்கியைப் பசையில் ஒட்ட நினைக்காதீர்கள், கனம் தாங்காது. பலகையில் இரண்டு ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் கோணி ஊசியால் தைத்துவிடுங்கள். துரு துணியில் இறங்கும், இறங்கட்டும். மரக் கைப்பிடி கறுத்துப் போயிருக்கும். அதை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.