அழித்தும் அழியாத வரிசை: போஸ்ட்கிரெஸ் டிரிகர் கேள்வி-பதில்

துணைப்பாட நிலையம் ஒன்றின் மாணவர் பதிவேட்டைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பராமரிக்கிறேன். எந்த மாற்றம் நடந்தாலும் அதை வரலாற்று அட்டவணையில் எழுதிவைக்க ஒரு பிஃபோர் டிரிகர் (மாற்றம் நடக்கும் முன் தானாக இயங்கும் நிரல்) போட்டிருக்கிறேன். சேர்ப்பதும் திருத்துவதும் ஒழுங்காக நடக்கின்றன. டெலிட் கொடுத்தால் மட்டும் 'டெலிட் 0' என்று வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை, வரிசையும் அழியவில்லை. (வாசகர், ஈசூன்)

டிரிகர் இயக்கும் உங்கள் ஃபங்ஷன் 'ரிட்டர்ன் நியூ' (புதிய வரிசையைத் திருப்பிக் கொடு) என்று முடிகிறதா, பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். டெலிட்டின்போது புதிய வரிசை என்று ஒன்று கிடையாது. ஆகவே 'நியூ'வின் மதிப்பு 'நல்', அதாவது வெறுமை. வரிசைதோறும் இயங்கும் பிஃபோர் டிரிகர் 'நல்' மதிப்பைத் திருப்பிக் கொடுத்தால், இந்த வரிசையைத் தொடாதே என்பதுதான் அதற்குப் பொருள். போஸ்ட்கிரெஸ் சொன்னபடி கேட்டு, சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறது.

இதில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. அழிப்பு நின்றுபோனாலும், அதற்கு முன் ஃபங்ஷன் வரலாற்று அட்டவணையில் எழுதியது அப்படியே தங்கிவிடும். மாணவர் பதிவேட்டில் இருப்பார். வரலாறோ அவர் நீக்கப்பட்டதாகச் சொல்லும். இதுவரை பதிவான டெலிட் குறிப்புகளை மாணவர் அட்டவணையோடு இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தக் கட்டளை டிரிகரை எழுப்பியது என்று சொல்லும் 'டிஜி_ஆப்' மதிப்பைப் பார்த்து, டெலிட் என்றால் 'ரிட்டர்ன் ஓல்டு' (பழைய வரிசையைத் திருப்பிக் கொடு) என்று எழுதினால் சிக்கல் தீரும். ஆனால் வரலாறு எழுதும் வேலைக்கு, மாற்றம் நடந்த பின் இயங்கும் ஆஃப்டர் டிரிகர்தான் பொருத்தமானது. அங்கே திருப்பிக் கொடுக்கும் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. மற்ற பிஃபோர் டிரிகர்கள் எல்லாம் கைவைத்து முடித்த இறுதி வரிசையும் அங்கேதான் கிடைக்கும்.

என் வரலாற்று டிரிகர் பழைய வரிசை முழுவதையும் ஜேசன்பி (புலப்பெயரும் மதிப்பும் சேர்ந்த தரவு வடிவம்) ஆக்கிச் சேமிக்கிறது. அதில் அடையாள அட்டை எண்ணும் சேர்ந்துவிடுகிறது. பரவாயில்லையா? (வாசகர், பொங்கோல்)

அப்படி விடக்கூடாது. அடையாள அட்டை எண்களைப் பெறுவது, பயன்படுத்துவது, வெளியிடுவது பற்றிச் சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த கடுமையான வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. தேவை முடிந்த தனிநபர் விவரத்தை வைத்திருக்கக்கூடாது என்று சட்டமும் சொல்கிறது. முதன்மை அட்டவணையில் எண்ணை நீக்கிவிட்டு, அதன் நகலை வரலாற்றில் தூங்கவிட்டால் நீக்கியதில் பயனில்லை. ஜேசன்பி மதிப்பிலிருந்து கழித்தல் குறியால் ஒரு புலத்தை எடுத்துவிடலாம்: 'டு_ஜேசன்பி' தந்த விடையிலிருந்து அந்தப் புலத்தின் பெயரைக் கழித்தால் போதும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பழைய பதிவுகளையும் அதே குறியால் சுத்தம் செய்யுங்கள்.

நடனப் பயிற்சிக்கு அரங்கு வாடகைக்கு விடுகிறோம். நேரம் மோதுகிறதா என்று டிரிகர் ஒரு செலக்ட் (தேடும் கட்டளை) போட்டுப் பார்க்கிறது. ஆனாலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இரு குழுக்களுக்கு ஒரே மாலை நேரம் கிடைத்துவிட்டது. (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

உங்கள் செலக்ட்டில் தவறு இல்லை. இரு குழுக்களும் ஏறக்குறைய ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். முழுவதுமாக நிறைவேறும் அல்லது முழுவதுமாகக் கைவிடப்படும் செயல்தொகுதிக்கு டிரான்சாக்‌ஷன் என்று பெயர். முதல் டிரான்சாக்‌ஷன் தன் வரிசையைச் சேர்த்துவிட்டது, ஆனால் இன்னும் கமிட் ஆகவில்லை, அதாவது உறுதிசெய்யப்படவில்லை. இரண்டாவது டிரான்சாக்‌ஷனின் டிரிகர் அப்போது தேடுகிறது. கமிட் ஆகாதது அதன் கண்ணுக்குத் தெரியாது. இடம் காலி என்று முடிவுகட்டுகிறது. இரண்டும் கமிட் ஆகின்றன. ஒருவரே சோதித்துப் பார்க்கும்போது இந்தக் கோளாறு ஒருபோதும் தலைகாட்டாது, கூட்டம் நெருக்கும் வாரத்தில்தான் வெளிவரும்.

இந்த டிரிகரை எடுத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (மோதும் வரிசைகளைத் தடுக்கும் அட்டவணை விதி) இருக்கிறது. அரங்கு எண் ஒன்றாகவும் நேர வீச்சு ஒன்றன்மேல் ஒன்று படிவதாகவும் உள்ள இரு வரிசைகளை அது ஏற்காது. அரங்கு எண்ணையும் அதில் சேர்க்க 'பிடிரீ_ஜிஸ்ட்' நீட்சியை முதலில் நிறுவ வேண்டும். இரண்டாவதாக வந்தவர் முதலாமவர் கமிட் ஆகும்வரை காத்திருந்து, பிறகு பிழைச் செய்தி பெறுவார். நேர வீச்சின் தொடக்கத்தை உள்ளடக்கி, முடிவை விலக்கி வையுங்கள். அப்போதுதான் 7 முதல் 8 மணிவரை ஒருவரும் 8 முதல் 9 மணிவரை அடுத்தவரும் மோதலின்றிப் பதியலாம்.

கன்ஸ்ட்ரெயின்ட் செய்யக்கூடிய வேலையை டிரிகரிடம் கொடுக்காதீர்கள். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

பொருள் சேவை வரியை டிரிகரிலேயே கணக்கிடலாமா? (கடை நடத்துபவர், சிராங்கூன் சாலை)

கணக்கிடலாம், ஆனால் விகிதத்தை ஃபங்ஷனுக்குள் எழுதாதீர்கள். 2007 முதல் 7 விழுக்காடாக இருந்த வரி, 2023 ஜனவரி 1ல் 8 ஆகவும் 2024 ஜனவரி 1ல் 9 ஆகவும் உயர்ந்தது. விகிதத்தையும் அது நடப்புக்கு வரும் தேதியையும் தனி அட்டவணையில் வைத்து, ரசீதுக்குப் பொருந்தும் தேதியைக் கொண்டு தேடுங்கள். இன்றைய தேதியைக் கொண்டு தேடினால், 2022ஆம் ஆண்டு ரசீதில் யாரோ முகவரியைத் திருத்தியதும் வரி 9 விழுக்காடாக மாறிவிடும். திருத்தும் கட்டளையில் தொகையோ தேதியோ இடம்பெறும்போது மட்டும் இயங்கும்படி 'அப்டேட் ஆஃப்' போட்டு, அந்தப் புலங்களைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

திருத்திய நேரத்தைப் பதிய, ஆஃப்டர் டிரிகரில் அதே அட்டவணையை அப்டேட் செய்கிறேன். ஸ்டாக் ஆழம் மீறியதாகப் பிழை வருகிறது. (மாணவர், தெம்பனிஸ்)

அந்த அப்டேட் அதே டிரிகரை மறுபடி எழுப்புகிறது, முடிவே இல்லாமல். பிஃபோர் டிரிகருக்கு மாற்றி, 'நியூ'வின் அந்தப் புலத்தில் நேரத்தை எழுதி, 'ரிட்டர்ன் நியூ' கொடுங்கள். தனி அப்டேட் தேவையே இல்லை. 'நவ்' தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். உண்மையான கணம் வேண்டுமென்றால் 'கிளாக்_டைம்ஸ்டாம்ப்'.

ஆர்டர் பதிவானதும் டிரிகரிலிருந்தே மின்னஞ்சல் அனுப்ப வழி உண்டா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

வழி உண்டு, வேண்டாம். டிரான்சாக்‌ஷன் பின்வாங்கினால் ஆர்டர் மறையும். போன மின்னஞ்சல் திரும்பாது. அஞ்சல் சேவையகம் மெதுவானால் ஆர்டரும் பூட்டோடு காத்துக் கிடக்கும். டிரிகர், 'அனுப்ப வேண்டியவை' என்ற அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்தால் போதும். வெளியே ஓடும் ஒரு நிரல் அதைப் படித்து அனுப்பட்டும். அந்த நிரலைத் தட்டியெழுப்ப போஸ்ட்கிரெஸின் 'நோட்டிஃபை' கட்டளை பயன்படும், அது கமிட்டுக்குப் பிறகே போய்ச் சேரும். கேட்பதற்கு நிரல் இணைப்பில் இல்லாவிட்டால் அந்தத் தட்டல் தொலைந்துவிடும். அதனால் நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும், அனுப்பாமல் மிச்சமிருக்கும் வரிசைகளை முதலில் பார்க்கும்படி எழுதுங்கள்.